கிடைச்சது

பரந்தன் சந்திக்குக் கிட்ட நெல் ஆலையில்
தராசடியில் எனக்கு மேசை.
ஆட்டக்காரி அறுபத்தெட்டுக் கிலோ,
ஈரத்துக்கு இரண்டு கழிவு, பதருக்கு ஒன்று.
எழுதி, காபன் தாளைத் தூக்கி
மேல் துண்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
துண்டில்லாமல் ஒரு மூட்டை
படலை தாண்டாது.

இப்படிப்பட்ட எனக்கு
ஆறு வருச வீட்டு வாடகைக்கு
ஒரு துண்டும் இல்லை.

குரல்தான் வந்தது.
ஐந்தாம் திகதி பகீரதனிடம் காசைக் கொடுத்தால்
ஆறாம் திகதி சுவிசிலிருந்து
குலசேகரம் அண்ணை பேசி அனுப்புவார்:
"தங்கச்சி, கிடைச்சது."
பின்னால் ரயில் போகும்.
சில நாள் பாத்திரம் விழும்.

மார்கழி மழைக்குள் பகீரதன் வந்தான்.
செருப்பைக் கழற்றவில்லை.
"தையிலயிருந்து இருபத்தையாயிரம்.
அண்ணை சொல்லிப்போட்டார்.
கம்பஸ் பொடியள் ஆளுக்கு ஆறு தாறாங்கள்,
ஒரு அறைக்குள்ள மூண்டு பேர் படுப்பாங்கள்."
அதுவரை பன்னிரண்டு.
அறையைக் கண்ணால் நிறுத்தான்,
ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று
நான் மூட்டையைப் பார்க்கிற மாதிரி.

கிணறு இறைப்பித்தது நான்.
ஒழுகின தகரத்துக்கு மேல் தகரம் போட்டது நான்.
குளியலறைக்குக் கதவு வைத்ததும் நான்.
கதவில்லாத முதல் வருசம்
சேலையைத் தொங்கவிட்டுக் குளித்தோம்
நானும் மகளும்.
எல்லாத்துக்கும் கணக்கிருக்கிறது,
என் எழுத்தில்.
என் எழுத்தே எனக்குச் சாட்சி சொன்னால்
ஆர் கேட்பினம்?

வேறு வீடும் பார்த்தேன்.
ஒன்றில் மலசலகூடம் இல்லை.
ஒன்றில், ஆம்பிளை இல்லாத குடும்பத்துக்குக்
குடுக்கிறேல்லையாம்.
மற்றதன் முற்பணத்தைக் கேட்டுவிட்டு
சைக்கிளைத் திருப்பினேன்.

கிராம சேவகர் ஒரு கடதாசி தந்தார்.
சனிக்கிழமை, மத்தியஸ்த சபை,
பள்ளிக்கூடத்தில் தரம் மூன்று வகுப்பறை.
முழங்கால் நாடியில் முட்டுகிற கதிரைகள்.
சுவரில் ஏழாம் வாய்பாடு.
இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர்,
சங்கக்கடை முகாமையாளர்,
கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருந்த ஒரு ரீச்சர்.
ஒப்பந்தம்?
இல்லை.
பற்றுச்சீட்டு?
பகீரதன் சிரித்தான்.
"ஊருக்கெல்லாம் துண்டு எழுதுறவ ஐயா இவ."

கைபேசியை வாங்கில் வைத்தேன்.
சத்தத்தைக் கூட்டினேன்.

"தங்கச்சி, கிடைச்சது."
"கிடைச்சது. மாமரம் காய்ச்சதோ?"
"கிடைச்சது. இஞ்ச சரியான குளிர்,
நாரி எழும்ப விடுதில்லை."
"பன்னிரண்டும் கிடைச்சது தங்கச்சி.
பிள்ளை ஓஎல் எடுக்குமட்டும்
பயப்பிடாமல் இருங்கோ. கூட்டமாட்டன்."

ரீச்சர் கரும்பலகையில் கோடு கிழித்தார்,
ஐந்துக்கொரு கட்டாக.
பதினாலு கட்டு, மேலே ஒரு கோடு.
விடுபட்ட ஒன்று ஊரடங்கு மாதம்.
அந்த மாதம் அவர் காசே வாங்கவில்லை,
அதையும் நான்தான் சொன்னேன்.
தபாலதிபர் கடைசி ஐந்தை
திரும்பவும் போடச் சொன்னார்.
ரயில் ஒன்று வகுப்பறைக்குள்ளால் போனது.
பகீரதன் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஏழாம் வாய்பாட்டைப் பார்த்தான்.

பன்னிரண்டு பதினாலாகும்.
தையில் இல்லை, சித்திரையில்.
பிள்ளையின் சோதினை முடியும்வரை எழுப்பேலாது.
மாதாமாதம் துண்டு.
மூன்று பிரதி. நான் சொல்லிக் கொடுத்தேன்
காபன் எந்தப் பக்கம் வரவேணும் என்று.

சித்திரை ஆறாம் திகதி கைபேசி அதிர்ந்தது.
குரல் இல்லை.
ஒரு துண்டின் படம்:
'ரூபா 14,000/= பெற்றுக்கொண்டேன்.'
ஒழுங்கான துண்டு. திகதி, கையொப்பம்,
எல்லாம் சரி.
என்னாலும் பிழை பிடிக்க முடியாது.

மாமரம் இம்முறை கொட்டுகிறது.
காய்த்ததோ என்று கேட்க ஆளில்லை.

கைபேசியில் இடமில்லையாம்,
எதையாவது அழிக்கட்டாம்.
மகள் படங்களை அழித்தாள், பாட்டுகளை அழித்தாள்,
"அம்மா, இந்த எழுபத்தொன்றும்?" என்றாள்.
விடு, என்றேன்.
ஆதாரத்துக்கு.